மேடன்ல டிஃபென்ஸ் வரலையா? இங்கேருந்து ஆரம்பிங்க

மேடன்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேமைப் புதுசா ஆட வர்றவங்க எல்லாருமே முதல்ல அஃபென்ஸ் தான் கத்துக்கிறாங்க. பந்து நம்ம கையில இருக்கு, எறியலாம், ஓடலாம், டச்டவுன் போட்டா குதிக்கலாம், அதுல தப்பில்ல. ஆனா பந்து எதிராளி கைக்குப் போன உடனே என்ன பண்றதுன்னே தெரியாம, கைல இருக்கிற ஆளை பந்து பக்கம் முழு வேகத்துல ஓட விட்டு, பட்டனை எல்லாம் மாத்தி மாத்தி அமுக்கி, கடைசில 40 யார்டு பாஸ் வாங்கிட்டு உக்காந்திருப்பாங்க. இந்தக் கட்டுரை அவங்களுக்கு. நான் சொல்லப்போறதுல முக்கால்வாசி "இதைப் பண்ணாதீங்க"ன்னு தான் இருக்கும், ஏன்னா இந்த கேம்ல டிஃபென்ஸ் கெட்டுப்போறது நம்ம பண்ணாம விட்டதால இல்ல, அளவுக்கு மீறி பண்றதால தான்.

ஜான் மேடன்னு ஒரு கோச், ஓக்லண்ட் ரெய்டர்ஸை வச்சு 1977 ஜனவரில என்எஃப்எல்ங்கிற அமெரிக்க ஃபுட்பால் லீக்கோட இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயிச்சவர், அவர் பேர்ல தான் இந்த கேம் 1988ல முதல்முதலா வந்துச்சு. அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல ஒரு பக்கத்துக்கு 11 பேரைக் காட்டுறதே கஷ்டம், ஆளைக் குறைச்சுக்கலாமான்னு கேட்டப்போ அவர் ஒத்துக்கவே இல்லயாம். அந்த 11ங்கிற எண்ணை மனசுல வச்சுக்கோங்க, கீழ வர்ற பாதி விஷயம் அந்தக் கணக்குல தான் ஓடுது.

முதல்ல, எதைத் தடுக்கப்போறோம்

ரூல் தெரியாதவங்களுக்கு சுருக்கமா: மைதானம் 100 யார்டு நீளம், ரெண்டு பக்கமும் 10 யார்டு எண்ட் ஸோன், அங்க பந்தோட நுழைஞ்சா டச்டவுன். அஃபென்ஸுக்கு 4 டவுன், அதாவது நாலு வாய்ப்பு, அதுக்குள்ள 10 யார்டு போகணும், போயிட்டா திரும்ப நாலு வாய்ப்பு. நாலாவதுல பெரும்பாலும் பந்தை உதைச்சு அனுப்பிடுவாங்க, இல்லன்னா பந்தைக் கம்பத்துக்கு நடுவுல உதைச்சு ஃபீல்டு கோல் அடிப்பாங்க, அதனால நிஜத்துல அவங்களுக்கு இருக்கிறது மூணு வாய்ப்பு தான். பத்தை மூணால வகுத்துப் பாருங்க, ஒரு தடவைக்கு மூணு யார்டுக்கு கொஞ்சம் மேல. ஒவ்வொரு ப்ளேயிலும் எதிராளியை ஒரு யார்டு கூட விடாம நிறுத்தணும்னு அவசியமே இல்ல. முதல் டவுன்ல 3 யார்டு குடுத்தா நீங்க ஜெயிச்ச மாதிரி தான். ரெண்டாவதுலயும் அப்படியே குடுத்தீங்கன்னா மூணாவது டவுன்ல அவங்களுக்கு இன்னும் 4 யார்டு வேணும், அங்க ஒரு பாஸ் தவறினா போதும், பந்து உங்களுக்கு.

அதே மாதிரி ஃபீல்டு கோலுக்கு 3 பாயிண்ட் தான், டச்டவுனுக்கு 6, கூட எக்ஸ்ட்ரா பாயிண்ட் ஒண்ணு. உங்க பக்கம் வரைக்கும் வந்து 3 பாயிண்டோட திரும்பிப் போனா, அது நல்ல டிஃபென்ஸ். புதுசா ஆடுறவங்களுக்கு இது ஏறவே மாட்டேங்குது, ஒவ்வொரு ப்ளேயிலும் சாக் அடிக்கணும் (பாஸ் எறியுற குவார்ட்டர்பேக்கை எறியுறதுக்கு முன்னாடியே வீழ்த்துறது), இன்டர்செப்ட் பண்ணணும் (எறிஞ்ச பாஸை நாமளே பிடிக்கிறது) அப்படின்னு நிக்கிறாங்க, அங்க தான் பெரிய அடி விழுது.

உங்க 11 பேர் யாரு

முன்னாடி கைய தரைல வச்சு நிக்கிறவங்க டிஃபென்சிவ் லைன், நடுவுல குண்டா இருக்கிறவங்க டாக்கிள் (பந்தோட ஓடுறவரைப் பிடிச்சு வீழ்த்துறதுக்கும் டாக்கிள்னு தான் பேரு), ஓரத்துல எட்ஜ். அவங்களுக்குப் பின்னாடி லைன்பேக்கர், அதுல நடுவுல நிக்கிறவரை மைக்னு சொல்லுவாங்க. ஓரங்கள்ல ரிசீவரை, அதாவது பாஸ் பிடிக்க ஓடுறவரை, எதிர்த்து நிக்கிறவங்க கார்னர், எல்லாருக்கும் பின்னாடி தூரத்துல ரெண்டு சேஃப்டி. இதுல யாரை நீங்க கைல எடுக்கிறீங்கங்கிறது தான் பெரிய கேள்வி, அதுக்கு வருவோம்.

கஷ்ட அளவுல ரூக்கி, ப்ரோ, ஆல்-ப்ரோ, ஆல்-மேடன்னு நாலு இருக்கு. ரூக்கில டிஃபென்ஸ் கத்துக்க முடியாது, கம்ப்யூட்டர் தானா பந்தைக் கொண்டு வந்து உங்க கைல குடுத்துரும். ப்ரோல ஆரம்பிங்க. ஸ்கில்ஸ் ட்ரெய்னர்னு ஒரு பயிற்சி மோட் இருக்கு, போரடிக்கும்னு தள்ளி விடாதீங்க, டிஃபென்ஸ் பகுதியை மட்டுமாவது ஒரு தடவை போயிட்டு வாங்க.

ப்ளே தேர்வு பண்றது

ப்ளே, அதாவது யார் எங்க நின்னு என்ன செய்யணும்ங்கிற திட்டம், எடுக்கிற ஸ்க்ரீன்ல நூத்துக்கணக்குல இருக்கும், பார்த்தாலே மலைப்பா இருக்கும். அதை எல்லாம் விட்டுடுங்க. முதல்ல எதிராளி எந்த மாதிரி ஆளுங்களை இறக்குறாருன்னு பாருங்க, கேமே ஸ்க்ரீன்ல காட்டும். வைடு ரிசீவர் ரெண்டு பேர், டைட் எண்ட் (லைன் ஓரத்துல நின்னு தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்யுறவர்) ரெண்டு பேர்னா உங்களுக்கு 4-3 இல்லன்னா 3-4, அதுல முதல் எண் லைன்ல நிக்கிறவங்க, ரெண்டாவது லைன்பேக்கர். மூணு ரிசீவர்னா நிக்கல், அதாவது ஒரு லைன்பேக்கரை எடுத்துட்டு கார்னர் மாதிரி ஓடக்கூடிய ஒருத்தரைப் போடுறது. நாலு ரிசீவர்னா டைம் (dime), அதாவது இன்னொரு லைன்பேக்கரையும் எடுத்துட்டு அதே மாதிரி ஒருத்தரைப் போடுறது. இன்னைக்கு நிஜ என்எஃப்எல்லயும் சரி, கேம்லயும் சரி, மூணு ரிசீவர் தான் அதிகமா வரும், அதனால ஒண்ணே ஒண்ணு கத்துக்கணும்னா நிக்கலைக் கத்துக்கோங்க.

அடுத்து கவரேஜ், அதாவது பாஸ் போகாம இடத்தையோ ஆளையோ காக்கிற முறை. இங்க தான் அந்த 11 கணக்கு.

கவர் 3னா பின்னாடி ஆழத்துல மூணு பேர் மைதானத்தை மூணா பிரிச்சுக் காப்பாங்க. நாலு பேர் குவார்ட்டர்பேக்கைத் துரத்துவாங்க. மிச்சம் நாலு பேர் நடுப்பகுதில. கவர் 2ல பின்னாடி ரெண்டு பேர், துரத்த நாலு, நடுவுல அஞ்சு. கவர் 4ல பின்னாடி நாலு, துரத்த நாலு, நடுவுல மூணு பேர் மட்டும். பேர்ல இருக்கிற நம்பரைப் பார்த்து 11லேருந்து கழிச்சீங்கன்னாலே எங்க ஆள் குறையுதுன்னு தெரிஞ்சிடும். கவர் 4ல தூரப் பாஸ் போடுறது கஷ்டம், ஆனா கிட்டக்க, ஓரத்துல சின்ன பாஸ் சுலபமா போகும். கவர் 2ல ஓரத்துல சின்ன பாஸ் கிடைக்காது, ஆனா ரெண்டு சேஃப்டிக்கும் நடுவுல ஒரு பெரிய ஓட்டை, ஓரத்துல கார்னருக்குப் பின்னாடி சேஃப்டிக்கு முன்னாடி இன்னொரு ஓட்டை. அந்த நடு ஓட்டையை அடைக்கத் தான் மைக் லைன்பேக்கர் பின்னாடி ஓடுற டம்பா 2 இருக்கு, 1990கள் கடைசில டோனி டன்ஜி டம்பா பே பக்கனியர்ஸுக்கு கோச்சா இருந்தப்போ பிரபலமாச்சு, அதான் அந்தப் பேரு. கவர் 3 எல்லாத்துலயும் நடுத்தரம், ரன்னையும், அதாவது பந்தை எறியாம கைல வச்சு ஓடுறதையும், பார்த்துக்கும், தூரத்தையும் பார்த்துக்கும். சியாட்டில் சீஹாக்ஸ் 2014 பிப்ரவரில டென்வரை 43-8னு சூப்பர் பவுல்ல அடிச்சாங்களே, அந்த டீமோட அடிப்படை இந்த கவர் 3 தான், ரொம்ப வித்தையெல்லாம் இல்ல.

இது எல்லாம் ஸோன், அதாவது ஆளைப் பார்க்காம இடத்தைக் காக்கிறது. மேன் கவரேஜ்னா ஒருத்தருக்கு ஒருத்தர். குவார்ட்டர்பேக்கைத் தவிர அஃபென்ஸ்ல அஞ்சு பேர் தான் பாஸ் பிடிக்க வெளிய போகலாம். கவர் 1ல அந்த அஞ்சு பேருக்கு அஞ்சு பேர், பின்னாடி ஒரு சேஃப்டி, துரத்த நாலு, ஆச்சா, இன்னும் ஒருத்தர் மிச்சம், அவரை நடுவுல சுத்த விடலாம், இல்ல அவரையும் சேர்த்து துரத்த அனுப்பலாம். கவர் 0ல பின்னாடி யாருமே இல்ல, ஆறு பேர் துரத்துவாங்க. ஒரு பாஸ் பிடிச்சுட்டா நேரா எண்ட் ஸோன் தான். உங்க கார்னரோட ஸ்பீடும் மேன் கவரேஜ் ரேட்டிங்கும் எதிராளி ரிசீவரை விடக் கம்மின்னா மேன் பக்கமே போகாதீங்க.

என் கருத்துல புதுசா வர்றவங்களுக்கு மூணு ப்ளே போதும்: நிக்கல்ல ஒரு கவர் 3, ஒரு கவர் 2 இல்லன்னா டம்பா 2, ஒரு கவர் 4. இந்த மூணையும் கலந்து கலந்து ஆடுங்க, அவ்ளோதான், ரெண்டு மூணு வாரத்துக்கு வேற எதையும் தொடாதீங்க. ஒரே ப்ளேயை மூணு தடவை தொடர்ந்து எடுத்தா எதிர்ல ஆடுறவர் கண்டுபிடிச்சிடுவார், அதுக்காகத் தான் மூணு.

ப்ளே படத்துல வர்ற கலரையும் படிக்கப் பழகிக்கோங்க. கருநீலம் ஆழமான ஸோன், மஞ்சள் நடுவுல இருக்கிற ஹூக் ஸோன், ஊதா ஓரம் பக்கம் கொஞ்சம் பின்னாடி, வெளிர்நீலம் ஓரத்துல கிட்டக்க, சிவப்புக் கோடு குவார்ட்டர்பேக்கைத் துரத்துறவங்க. படத்துல எந்த இடம் காலியா இருக்கோ அங்க தான் பந்து வரும்.

யாரை கைல எடுக்கணும்

இதை நிதானமா படிங்க, இந்தக் கட்டுரைல வேற எதையும் ஞாபகம் வச்சுக்கலன்னாலும் பரவாயில்ல.

உங்களோட ஆள் தவிர மிச்சம் 10 பேரை கம்ப்யூட்டர் ஆட்டுது, அது தன்னோட ஸோனை விட்டு நகராது, அலுப்பு வராது. ஒழுங்கு கெட்டு ஓடக்கூடிய ஒரே ஆள் நீங்க மட்டும் தான். நீங்க ஒரு கார்னரை எடுத்துக்கிட்டு பந்து பக்கம் ஓடினா, அவர் காக்க வேண்டிய ரிசீவர் தனியா நிப்பார். பின்னாடி இருக்கிற சேஃப்டியை எடுத்துக்கிட்டு முன்னாடி ஓடினா வீட்டுக் கதவைத் திறந்து வச்ச கதை தான். அதனால முதல்ல மைக் லைன்பேக்கரை எடுங்க, இல்ல உங்க ப்ளேல நடுவுல மஞ்சள் ஹூக் ஸோன் யாருக்கு இருக்கோ அவரை எடுங்க. நடுவுல நிக்கிறதால ரன்னும் தெரியும், பாஸும் தெரியும், ரெண்டு அடி தப்பா வச்சாலும் பின்னாடி ஆள் இருக்காங்க. பிளேஸ்டேஷன்ல ஸ்னாப்புக்கு, அதாவது பந்து குவார்ட்டர்பேக் கைக்குப் போய் ப்ளே தொடங்குறதுக்கு, முன்னாடி வட்ட பட்டனால ஆளை மாத்திக்கலாம், ஸ்னாப்புக்கு முன்னாடியே உங்க ஆள் காலடில வட்டம் இருக்கான்னு ஒரு தடவை உறுதி பண்ணிக்கோங்க, அவசரத்துல வேற யாரையோ பிடிச்சுக்கிட்டு நிக்கிறவங்க ரொம்பப் பேர்.

ஸ்னாப் ஆன உடனே ஓட வேண்டாம். முதல் அரை செகண்டு எதிராளி லைன்மேன்களைப் பாருங்க, அதாவது குவார்ட்டர்பேக்குக்கு முன்னாடி நிக்கிற அஞ்சு குண்டு ஆளுங்க. அவங்க உங்களைப் பார்த்து முன்னாடி வந்தா ரன். பின்னாடி எழுந்து நின்னு கையை நீட்டினா பாஸ். பந்தைப் பார்த்தா ஏமாத்துவாங்க, பந்தோட ஓடுற ரன்னிங் பேக் கைல குடுக்கிற மாதிரி காட்டிட்டு எறிவாங்க, அதுக்குப் பேரு ப்ளே ஆக்‌ஷன், ஆனா லைன்மேன்களைப் பார்க்கிறவன் பெரும்பாலும் ஏமாற மாட்டான்.

ரன்னுன்னு தெரிஞ்சா, நேரா ரன்னிங் பேக் மேல பாய வேண்டாம், அவர் வெளிய வரப்போற இடைவெளிக்குப் போய் நில்லுங்க. பாஸ்னு தெரிஞ்சா, மெதுவா பின்னாடி போங்க, எல்2 அமுக்கிக்கிட்டா பக்கவாட்டுல குவார்ட்டர்பேக்கைப் பார்த்தபடியே நகரலாம். நடுவுல குறுக்கே ஓடி வர்ற ரிசீவருக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் இடையில போய் நிக்கணும், அது தான் உங்க வேலை. பந்து எறியுறதுக்கு முன்னாடி ஆர்2வை, அதாவது ஸ்ப்ரிண்ட் பட்டனை, விட்டே வச்சிருங்க. முழு வேகத்துல ஓடுற ஆளால சட்டுனு திரும்ப முடியாது, அதுவும் லைன்பேக்கர் மாதிரி கனமான ஆளால முடியவே முடியாது.

பழகின பிறகு சேஃப்டியை எடுக்கலாம், ஆன்லைன்ல நல்லா ஆடுறவங்க நிறைய பேர் அப்படித் தான் ஆடுறாங்க. ஆனா அது அடுத்த கட்டம்.

ஸ்னாப்புக்கு முன்னாடி என்ன மாத்தலாம்

சமீபத்திய பதிப்புகள்ல டி-பேட் இடது பக்கம் லைனுக்கு, வலது பக்கம் லைன்பேக்கருக்கு, முக்கோண பட்டன் கவரேஜுக்கு. அமுக்கின உடனே மெனு வரும். பதிப்புக்குப் பதிப்பு சின்னச் சின்ன மாற்றம் இருக்கும், செட்டிங்ஸ்ல கன்ட்ரோல் லிஸ்டை ஒரு தடவை பார்த்துடுங்க.

ரெண்டே ரெண்டு மாற்றம் கத்துக்கிட்டா போதும் இப்போதைக்கு. ஒண்ணு, லைனை உள்ள நெருக்குறது, விரிக்கிறது. நடுவுல ரன் ஓடியே உசிரை எடுக்கிறாங்கன்னா நெருக்குங்க, ஓரமா ஓடினா விரிங்க. ரெண்டாவது, கவரேஜை கீழ இல்லன்னா மேல சாய்க்கிறது. எதிராளி சின்னச் சின்ன பாஸா போட்டு நகர்றார்னா கீழ, தூரமா எறியுறார்னா மேல. மூணாவது டவுன்ல 15 யார்டு வேணும்னு இருக்கும்போது மேல சாய்ச்சு வச்சுட்டு, 8 யார்டு பாஸை அவங்க பிடிக்கட்டும்னு விட்டுடுங்க. பிடிச்ச இடத்துலயே டாக்கிள் பண்ணினா பந்து உங்களுக்கு.

கார்னரை ரிசீவர் மூஞ்சிக்கு நேரா நிறுத்துற ப்ரெஸ்ஸும் இங்க தான் இருக்கு. சின்ன பாஸை தாமதப்படுத்தும், ஆனா ரிசீவர் தப்பிச்சுட்டா பின்னாடி யாரும் இல்ல. பின்னாடி ரெண்டு சேஃப்டி இருக்கிறப்போ மட்டும் பண்ணுங்க.

பந்து காத்துல இருக்கும்போது

உங்க ஆள் பக்கத்துல இருந்தா மூணு வழி. முக்கோணம் இன்டர்செப்ட் பண்ண, சதுரம் தட்டிவிட, எக்ஸ் ரிசீவரோட கையைக் குறி வச்சு மோத. எல்லாரும் முக்கோணத்தையே அமுக்குறாங்க. நீங்க பந்துக்கு முன்னாடி, நல்ல இடத்துல, குவார்ட்டர்பேக்கைப் பார்த்தபடி இருந்தா மட்டும் முக்கோணம். ரிசீவருக்குப் பின்னாடி துரத்திக்கிட்டு வர்றீங்கன்னா சதுரமோ எக்ஸோ தான். பின்னாடியிருந்து இன்டர்செப்ட் பண்ணப் பாய்ஞ்சு தவறினா அவர் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருப்பார்.

தூரத்துல பந்து போகுதுன்னா உடனே வட்டத்தை அமுக்கி அங்க இருக்கிற ஆளுக்கு மாறாதீங்க. கம்ப்யூட்டர் அவரை சரியா தான் கொண்டு போயிட்டிருக்கும், நீங்க மாறின அந்த நொடில ஸ்டிக் வேற பக்கம் இருந்தா அவர் தப்பான பக்கம் ரெண்டு அடி வைப்பார், போச்சு. முதல் மாசம் அந்த பாஸை கம்ப்யூட்டர்கிட்டயே விட்டுடுங்க, பிடிச்ச பிறகு டாக்கிளுக்கு மாறினா போதும்.

டாக்கிள்

கபடில ரைடர் உள்ள வந்த உடனே முதல்ல தனியா பாயுறவன் தான் அவுட் ஆவான், இங்கயும் அதே தான். வலது ஸ்டிக்கை மேல தள்ளினா ஹிட் ஸ்டிக், எலும்பு நொறுங்குற மாதிரி மோதுவான், மேடன் 2005ல வந்த விஷயம் இது, அந்தப் பதிப்போட அட்டைல இருந்தவர் ரே லூயிஸ்ங்கிற லைன்பேக்கர், அட்டைக்கு வந்த முதல் டிஃபென்ஸ் ஆட்டக்காரரே அவர் தான். பார்க்க பிரமாதம், அடிச்சா சில சமயம் பந்து கைலேருந்து விழும், ஆனா தவறினா நீங்க தரைல கிடப்பீங்க, அவர் பத்து யார்டு தாண்டியிருப்பார். உங்களுக்குப் பின்னாடி இன்னொருத்தர் இருந்தா மட்டும் ஹிட் ஸ்டிக்கை யோசிங்க. கடைசி ஆளா நிக்கிறீங்கன்னா வேகத்தைக் குறைச்சு, எதிர்ல போய் நின்னு, அவரை ஓரக்கோட்டுப் பக்கமா தள்ளிக்கிட்டே போய்ப் பிடிங்க. எல்1 அமுக்கினா கம்ப்யூட்டரே உங்க ஆளை ஓடுறவர் பக்கம் இழுத்துக்கிட்டுப் போகும், ஆரம்பத்துல இதைப் பயன்படுத்துறதுல வெக்கமே வேண்டாம்.

பிளிட்ஸ்

பிளிட்ஸ்னா வழக்கமான நாலு பேருக்கு மேல அஞ்சு, ஆறு பேரை குவார்ட்டர்பேக் மேல ஏவுறது. புதுசா வர்றவங்களுக்கு இது போதை மாதிரி. ஒரு தடவை சாக் கிடைச்சா அடுத்த பத்து ப்ளேயும் பிளிட்ஸ் தான். திரும்பவும் 11 கணக்கு: ஆறு பேர் துரத்துறாங்கன்னா அஞ்சு பேர் தான் மிச்சம், அஃபென்ஸ்லயும் அஞ்சு பேர் வெளிய போறாங்க. எதிராளி ரெண்டு செகண்டுல எறியத் தெரிஞ்சவர்னா உங்களை வெளுத்து வாங்கிடுவார். மூணாவது டவுன், தூரம் அதிகம், இந்த மேட்ச்ல இன்னும் பிளிட்ஸே காட்டல, அப்ப ஒண்ணு விடுங்க. மேட்ச்ல ஒரு கை விரல் அளவுக்கு விட்டாலே அதோட பயம் எதிராளிக்கு இருக்கும்.

நாலு பேரை வச்சே நெருக்கடி குடுக்கணும்னா லைன்மேனை கைல எடுத்து வலது ஸ்டிக்கால மூவ் போடலாம், மேல தள்ளினா புல் ரஷ், பக்கவாட்டுல வேற மூவ். ஆனா அப்ப நடுவுல நீங்க இருக்க மாட்டீங்க, அந்த இடத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கணும். நான் அதை நம்ப மாட்டேன்.

தலைவலி குடுக்கிற சில விஷயங்கள்

ஓடுற குவார்ட்டர்பேக். மேடன் 2004ல அட்லாண்டா ஃபால்கன்ஸோட மைக்கேல் விக்கை எடுத்து ஆடினவங்க எதிர்ல ஆடினவங்களை அழ வச்ச கதை இன்னும் பேசுறாங்க, இப்ப பால்டிமோர்ல லமார் ஜாக்சன். இந்த மாதிரி ஆள் எதிர்ல இருந்தா மேன் கவரேஜ் ஆபத்து, ஏன்னா எல்லாரும் அவங்கவங்க ரிசீவரைப் பார்த்து முதுகைக் காட்டி ஓடிக்கிட்டிருப்பாங்க, குவார்ட்டர்பேக் ஓடினதையே கவனிக்க மாட்டாங்க. ஸோன் ஆடுங்க, ஒரு லைன்பேக்கரை ஸ்பைன்னு மாத்தி விடுங்க, அவர் குவார்ட்டர்பேக்கை மட்டுமே பார்த்துக்கிட்டு நிப்பார். இல்லன்னா நீங்களே மைக்கை வச்சு அந்த வேலையைச் செய்யலாம், நல்லாவே செய்யலாம்.

ஸ்க்ரீன் பாஸ், அதாவது உங்க லைனை உள்ள வர விட்டுட்டு ரன்னிங் பேக்குக்கு சின்னதா போடுற பாஸ். உங்க லைன் திடீர்னு சுலபமா உள்ள போகுது, யாருமே தடுக்கலன்னா சந்தோஷப்படாதீங்க, அது வலை. ரன்னிங் பேக் எந்தப் பக்கம் நழுவினார்னு பார்த்து அங்க ஓடுங்க.

எண்ட் ஸோன் பக்கத்துல வந்துட்டாங்கன்னா, அதாவது உங்க 10 யார்டுக்குள்ள, கவர் 4 மாதிரி ஆழம் காக்கிறதுல அர்த்தம் குறைவு, ஆழமே இல்லையே. அங்க கவர் 2 எனக்குப் பிடிக்கும், ஓரத்துல கிட்டக்க போடுற பாஸை வெளிர்நீலம் அடைச்சிடும், நடுவை நீங்க பார்த்துக்கலாம்.

பெனால்டில ரெண்டு மட்டும். ஸ்னாப்புக்கு முன்னாடி கோட்டைத் தாண்டினா ஆஃப்சைடு, 5 யார்டு, அதனால லைன்மேனை எடுத்து முந்திப் பாயாதீங்க. பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் இன்னும் மோசம், தப்பு நடந்த இடத்துலயே பந்து, கூட புது முதல் டவுன்.

கடைசி ரெண்டு நிமிஷம்

நீங்க 4, 5 பாயிண்ட் முன்னாடி இருக்கீங்க, எதிராளிகிட்ட பந்து. நிறைய பேர் இங்க ப்ரிவென்ட் ப்ளேக்குப் போயிடுவாங்க, எல்லாரையும் பின்னாடி தள்ளிட்டு மூணு பேரை மட்டும் துரத்த விடுறது. குவார்ட்டர்பேக் சாவகாசமா நின்னு 12 யார்டு, 15 யார்டா எறிஞ்சுக்கிட்டே வந்துருவார். இத்தனை நேரம் வேலை செஞ்ச கவர் 3யையும் கவர் 4யையுமே மேல சாய்ச்சு ஆடுங்க. எதிராளிகிட்ட டைம்அவுட் எத்தனை மிச்சம்னு பாருங்க, ஒண்ணும் இல்லன்னா ஓரக்கோட்டை மட்டும் விட்டுக் குடுக்காதீங்க, ஏன்னா பந்தோட வெளிய போனா கடிகாரம் நின்னுடும். நடுவுல பிடிக்கட்டும், உள்ளேயே டாக்கிள் பண்ணுங்க, கடிகாரம் ஓடும். இதுக்காகவே மைதானத்தோட ரெண்டு ஓரத்துக்கும் ஆள் இருக்கிற ப்ளேயா பார்த்து எடுங்க, நடுவை நீங்க மெதுவா விட்டுக் குடுக்கலாம்.

அப்படி ஆடும்போது பதட்டத்துல அவர் எறிஞ்ச பந்து உங்க கைல வந்து விழுந்துச்சுன்னா, ஓடி டச்டவுன் போடலாம்னு ஆசை வரும். ஓடாதீங்க. பிடிச்ச உடனே டைவ் பட்டனை அமுக்கி கீழ விழுந்துடுங்க, பந்தை நழுவ விட்டு அவங்ககிட்டயே திரும்பக் குடுக்கிறதுக்கு அது மேல்.